கார் ஏற்றிப் போக எந்த டிரெய்லர் வாங்குவது?

சீர் செய்து வைத்திருக்கும் ஒரு பழைய காரை மாதம் ஒரு தடவையாவது நெடுஞ்சாலையில் ஏற்றிக்கொண்டு போகவேண்டும், காரின் எடை 1,550 கிலோ, இழுக்கப்போவது 2,700 கிலோ இழுவைத் திறன் உள்ள எஸ்யூவி, இதற்கு மூடிய டிரெய்லரா திறந்ததா, ஒற்றை ஆக்சிலா (சக்கரங்களைத் தாங்கும் அச்சு) இரட்டையா, அல்லது முன்சக்கரத்தை மட்டும் தூக்கி இழுக்கும் டாலி போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். என் பதில்: திறந்த டிரெய்லர், இரட்டை ஆக்சில், நான்கு சக்கரத்திலும் பிரேக், வெற்று எடை 750 கிலோவுக்குள். டாலி வேண்டாம். மூடியதுதான் வேண்டும் என்றால் இழுக்கும் வண்டியையே மாற்றவேண்டியிருக்கும். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நிறையப் பேர் டிரெய்லரின் நீளத்தையும் பெயின்டையும் பார்த்து வாங்கிவிட்டு எடைக் கணக்கை அப்புறம் போடுகிறார்கள். அப்படி வாங்கியதை ஓட்டிப் பார்த்தவன் என்பதால் எனக்கு இதில் அக்கறை அதிகம்.

முதலில் காரின் எடை. 1,550 என்பது விவரப் பட்டியலில் பார்த்த எண் என்று நினைக்கிறேன். அதை நம்பாதீர்கள். பழைய காரில் வேறு எஞ்சின் மாட்டியிருக்கலாம், டேங்க் நிறைய பெட்ரோல் இருக்கலாம், டிக்கியில் கருவிப்பெட்டி, ஜாக்கி, இரண்டு ஸ்டெப்னி என்று 100 கிலோ சத்தமில்லாமல் சேர்ந்திருக்கும். எடைமேடையில் ஒரு தடவை நிறுத்திச் சீட்டு வாங்கிவிடுங்கள், அந்தச் சீட்டிலிருந்துதான் மற்ற எல்லாக் கணக்கும் வரும். இப்போதைக்கு கார் 1,550, கூடப் போகும் சாமான் 100, ஆக 1,650 என்று வைத்துக்கொள்வோம்.

அடுத்தது டிரெய்லரின் தகட்டில் இருக்கும் எண், அதாவது மொத்த எடை வரம்பு. இங்கேதான் பெரும்பாலானவர்கள் தடுக்கி விழுகிறார்கள். தகட்டில் 3,175 கிலோ என்று போட்டிருந்தால் அவ்வளவு ஏற்றலாம் என்று அர்த்தம் இல்லை, டிரெய்லரின் சொந்த எடையும் அதற்குள் அடக்கம். இந்த 3,175 எங்கிருந்து வருகிறது என்றால், ஒவ்வொன்றும் 3,500 பவுண்டு, அதாவது 1,588 கிலோ தாங்கும் இரண்டு ஆக்சில். கார் டிரெய்லர்களில் மிகப் பரவலாகக் கிடைக்கும் அமைப்பு இதுதான். தளம் முழுக்க மரப்பலகை போட்ட ஸ்டீல் டிரெய்லர் என்றால் வெறுமையாகவே 900, 950 கிலோ வரும். ஏற்ற மிஞ்சுவது சுமார் 2,200. உங்கள் காருக்கு அது தாராளம். ஆனால் டிரெய்லர் தாங்குவது ஒரு கணக்கு, எஸ்யூவி இழுப்பது இன்னொரு கணக்கு, இரண்டிலும் தேறவேண்டும்.

எஸ்யூவி பக்கம் போட்டுப் பாருங்கள். 950 கிலோ ஸ்டீல் டிரெய்லர் என்றால் மொத்தம் 2,600, உங்கள் வரம்பு 2,700. காகிதத்தில் தேறிவிட்டது, ஆனால் நான் அப்படி ஓட்டமாட்டேன். கையேட்டில் உள்ள எண் புது வண்டிக்கு, பெரும்பாலும் ஓட்டுநரோடு கொஞ்சம் சுமை மட்டும் இருக்கும் நிலைக்குச் சொன்னது. நீண்ட ஏற்றம், வெயில், பழகிய கியர்பாக்ஸ், பின்சீட்டில் நண்பர்கள் இதெல்லாம் சேரும்போது நூறு கிலோ இடைவெளி ஒன்றுமே இல்லை. வரம்பில் 15 சதவீதமாவது விட்டுவைப்பது என் வழக்கம். 2,700இல் 15 சதவீதம் போனால் 2,295. அதிலிருந்து 1,650ஐக் கழித்தால் டிரெய்லருக்கு 645 கிலோ கிடைக்கிறது. அலுமினிய டிரெய்லர்கள் 600 முதல் 700க்குள் வருகின்றன, பொருந்துகிறது. அலுமினியம் கையைக் கடிக்கும் என்றால், நடுவில் தளமே இல்லாமல் இரண்டு சக்கரப் பாதை மட்டும் உள்ள ஸ்டீல் டிரெய்லர் இருக்கிறது, அது 700, 750க்குள் வரும், மொத்தம் 2,400. அதையும் நான் ஏற்றுக்கொள்வேன். மேலே 750 என்று சொன்னது அதனால்தான். நடுவில் தளம் இல்லாததில் இன்னொரு வசதி, காரைக் கட்டும் பட்டையை மாட்டும்போது காருக்கு அடியில் கை நன்றாகப் போகும். வசதிக்குறைவு, கார் தவிர வேறு எதையும் ஏற்ற முடியாது, ஏற்றும்போது வழிகாட்ட ஒரு ஆள் வேண்டும்.

மூடிய டிரெய்லர் கார் அளவில் வெறுமையாகவே 1,400 முதல் 2,000 கிலோ. மிக லேசானதை எடுத்தாலும் உங்கள் மொத்தம் 3,050, வரம்பையே தாண்டிவிட்டது. எடை மட்டும் இல்லை, அது ஒரு சுவர். காற்றை எதிர்த்துச் சுவரை இழுப்பதற்கு எஞ்சின் படும் பாடு வேறு, பக்கக் காற்றிலும் பெரிய லாரி கடந்து போகும்போதும் அந்தச் சுவரைத் தள்ளும் விசை வேறு. பல வண்டிகளின் கையேட்டில் டிரெய்லரின் முன்பரப்பு இத்தனை சதுர மீட்டருக்கு மேல் போகக்கூடாது என்றே ஒரு வரி இருக்கும், யாரும் படிப்பதில்லை. மழை, தூசி, கல், திருட்டு, நாலு பேர் கண் படுவது எல்லாவற்றிலிருந்தும் காரைக் காப்பதில் மூடியதற்கு இணை கிடையாது, இரவு வெளியூரில் தங்கவேண்டியிருந்தால் அதன் அருமை தெரியும். ஆனால் அதற்குத் தேவை நல்ல பிக்கப் லாரி, எஸ்யூவி இல்லை.

இப்போது நான் மிகவும் முக்கியம் என்று நினைக்கும் விஷயம், மூக்கு எடை. டிரெய்லரின் முன்முனையான மூக்கு, அதைக் கோக்க வண்டியின் பின்னால் இருக்கும் ஹிட்ச் என்ற கொளுவியின் உருண்டைப் பந்து மேல் கீழ்நோக்கி அழுத்தும் எடையைச் சொல்கிறேன். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் மூக்கில் இருக்கவேண்டும் என்பது அமெரிக்காவில் சொல்லும் கணக்கு. ஐரோப்பிய வண்டிகளின் ஹிட்ச் வரம்பு குறைவு, வேகமும் குறைவு, அங்கே 5 முதல் 7 என்பார்கள். உங்கள் வண்டிக்கு எது என்பதைக் கையேடு சொல்லும், இழுவைத் திறனுக்குப் பக்கத்திலேயே மூக்கு எடைக்கும் ஒரு வரம்பு போட்டிருப்பார்கள். அது 270 கிலோ என்றால், 2,300 கிலோ மொத்த எடைக்கு 240, 250 கிலோ மூக்கில் வரும்படி பார்த்துக்கொண்டால் சரி.

மூக்கு எடை குறைந்தால் என்ன ஆகும் என்பதை நான் அனுபவித்துத் தெரிந்துகொண்டேன். முன்பக்கம் இடிக்குமோ என்று பயந்து, காரை டிரெய்லரில் கொஞ்சம் பின்னாலேயே நிறுத்திக் கட்டிவிட்டேன். சமதளத்தில், மிதமான வேகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஒரு நீண்ட இறக்கத்தில் வேகம் கூடியதும் ஒரு பேருந்து கடந்து போனது, அந்தக் காற்றில் டிரெய்லர் ஒரு பக்கம் நகர்ந்தது, திரும்பி வந்தது, அடுத்த தடவை அதைவிட அதிகம் நகர்ந்தது, மூன்றாவது தடவை என் வண்டியின் பின்பக்கத்தையே சேர்த்து இழுத்தது. பின்கண்ணாடியில் என் கார் குறுக்காகத் தெரிந்த அந்தக் காட்சி இன்னும் மறக்கவில்லை. ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் அழுத்தினேன், நேராகிவிட்டது. பயத்தில் காலால் பிரேக்கை மிதித்திருந்தால் பின்னால் இருந்து டிரெய்லர் தள்ளி வண்டியை மடக்கியிருக்கும். ஆட்டத்தை ஸ்டீயரிங்கால் துரத்திப் பிடிக்கப் பார்த்திருந்தாலும் இன்னும் கூடியிருக்கும், ஏனென்றால் நாம் திருப்புவதற்குள் டிரெய்லர் அடுத்த பக்கம் போயிருக்கும்.

எவ்வளவு சின்ன தூரம் எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று பாருங்கள். ஹிட்ச் பந்திலிருந்து ஆக்சில்களின் நடுவுக்கு 3.5 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 1,550 கிலோ காரை 10 சென்டிமீட்டர் முன்னே நகர்த்தினால் மூக்கில் 44 கிலோ கூடும். ஒரு சாண் நகர்த்தினால் 100 கிலோ. அதனால்தான் தளம் காரின் நீளம் அளவுக்கு மட்டுமே இருக்கக்கூடாது, முன்னே பின்னே நகர்த்தச் சரியான இடம் வேண்டும். 4.5 மீட்டர் காருக்கு 5.5 மீட்டர் தளம், அதாவது 18 அடி, நல்ல அளவு. 16 அடியில் கார் அடங்கும், ஆனால் சரியான புள்ளியில் நிறுத்த இடம் இருக்காது. 20 அடி உங்களுக்கு வீண் எடை. எஞ்சின் முன்னால் உள்ள காரை முகம் முன்னே பார்த்தும், எஞ்சின் பின்னால் உள்ளதைத் தேவைப்பட்டால் பின்புறமாகவும் ஏற்றுவதும் இந்தக் கணக்குக்காகத்தான்.

அளக்கத் தனிக் கருவி இருக்கிறது, இல்லாவிட்டால் வீட்டில் ஆள் எடை பார்க்கும் மெஷினே போதும். உறுதியான ஒரு கட்டையின் ஒரு முனையைச் செங்கல் மேலும் மறுமுனையை மெஷின் மேலும் வையுங்கள், செங்கல்லிலிருந்து ஒரு பங்கு, மெஷினிலிருந்து இரண்டு பங்கு தள்ளி இருக்கும் இடத்தில் டிரெய்லரின் மூக்கை இறக்குங்கள், மெஷின் காட்டுவதை மூன்றால் பெருக்கினால் மூக்கு எடை. டிரெய்லர் மட்டமாக நிற்கவேண்டும், சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை போட்டிருக்கவேண்டும், காலை அடியில் வைக்காதீர்கள்.

இந்த 250 கிலோ எஸ்யூவியின் சுமைக் கணக்கிலும் சேரும், அதையும் மறந்துவிடுகிறார்கள். வண்டி 600 கிலோ சுமக்கும் என்றால் மூக்குக்கு 250, நான்கு பேருக்கு 300, மிச்சம் 50 கிலோதான் சாமானுக்கு. அதோடு, பந்து பின் ஆக்சிலுக்கு 1.2 மீட்டர் பின்னால் இருந்து, இரண்டு ஆக்சிலுக்கு இடையே 2.8 மீட்டர் என்றால், அந்த 250 கிலோ முன் ஆக்சிலிலிருந்து 107 கிலோவைத் தூக்கிவிடும். ஸ்டீயரிங் லேசாகிறது, முன் பிரேக்கின் பிடி குறைகிறது, ஹெட்லைட் எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கிறது. இதைச் சரிக்கட்ட, எடையை முன் ஆக்சிலுக்கும் டிரெய்லர் ஆக்சிலுக்கும் பங்கிடும் ஹிட்ச் கிடைக்கிறது. உங்கள் வண்டித் தயாரிப்பாளர் அதை அனுமதிக்கிறாரா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள், சில வண்டிகளில் கூடாது, உந்து பிரேக் (கீழே சொல்கிறேன்) வைத்த சில டிரெய்லர்களிலும் பொருந்தாது.

பிரேக் பற்றி. 2,300 கிலோவைப் பிரேக் இல்லாமல் இழுப்பதை யோசிக்கவே வேண்டாம், ஐரோப்பாவில் 750 கிலோவுக்கு மேல் பிரேக் இல்லாத டிரெய்லருக்கு அனுமதியே கிடையாது. இரண்டு வகை உண்டு. ஒன்று உந்து பிரேக்: நீங்கள் வேகம் குறைக்கும்போது பின்னால் இருந்து டிரெய்லர் முட்டும், அந்த முட்டு விசையே அதன் பிரேக்கைப் பிடிக்க வைக்கும். வண்டிக்குள் எதையும் மாட்டவேண்டாம், எந்த வண்டியிலும் கோக்கலாம், நல்ல வசதி. ஆனால் நீண்ட இறக்கத்தில் டிரெய்லர் முட்டிக்கொண்டே வருவதால் பிரேக் விடாமல் உரசிச் சூடேறும், மேட்டில் ரிவர்ஸ் எடுக்கும்போதும் சில பழைய அமைப்புகள் பிடித்துக்கொள்ளும். இன்னொன்று மின் பிரேக்: ஓட்டுநர் பக்கத்தில் ஒரு கன்ட்ரோலர் இருக்கும், எவ்வளவு பிடிக்கவேண்டும் என்பதை நாமே அமைக்கலாம், மேலே நான் சொன்ன மாதிரி டிரெய்லரை மட்டும் தனியாகக் கையால் பிடிக்கலாம். உந்து பிரேக்கில் அது முடியாது. உங்கள் பகுதியில் இரண்டும் கிடைக்கும், சட்டமும் தடுக்கவில்லை என்றால் மின் பிரேக்கை எடுங்கள், கன்ட்ரோலரில் நேரத்தை வைத்து வேலை செய்வதை விட்டுவிட்டு, வண்டி வேகம் குறைவதை உணர்ந்து அதற்கேற்பப் பிடிக்கும் வகையை வாங்குங்கள். எந்த வகையானாலும் டிரெய்லர் கழன்றுகொண்டால் தானாகப் பிரேக் பிடிக்கவைக்கும் கேபிள் இருக்கவேண்டும், மின் பிரேக்கில் அதற்கென்று ஒரு சின்ன பேட்டரி இருக்கும், அது செத்துக் கிடக்கிறதா என்று ஒவ்வொரு பயணத்துக்கு முன்னும் பாருங்கள். அப்புறம், நான்கு முனை பிளக்கில் விளக்கு மட்டும்தான் எரியும், மின் பிரேக்குக்கு ஏழு முனை பிளக் வேண்டும்.

பந்தின் அளவையும் சரிபாருங்கள். ஐரோப்பாவில் 50 மில்லிமீட்டர். அமெரிக்காவில் 2 அங்குலம், அதாவது 50.8, பெரிய சுமைக்கு 2 5/16 அங்குலம். பெரிய மூக்கைச் சின்னப் பந்தில் மாட்டினால் உட்கார்ந்த மாதிரிதான் தெரியும், குழியில் இறங்கி ஏறும்போது துள்ளிக் கழன்றுவிடும். மாட்டிப் பூட்டியபின் மூக்கு ஜாக்கியால் மேலே தூக்கிப் பாருங்கள், வண்டியின் பின்பக்கமும் சேர்ந்து எழவேண்டும். பாதுகாப்புச் சங்கிலியை மூக்குக்கு அடியில் குறுக்காகப் போடுங்கள், கழன்றால் மூக்கு ரோட்டில் குத்தாமல் சங்கிலியில் விழும்.

ஆக்சில் ஒன்றா இரண்டா என்பதில் உங்களுக்குச் சந்தேகமே வேண்டாம், இரண்டு. ஒற்றை ஆக்சில் லேசானது, கையாலேயே திருப்பலாம், டயர் செலவும் பாதி, ரொம்பச் சின்ன காருக்குப் போதும். ஆனால் அதில் ஒரு டயர் வெடித்தால் அந்தப் பக்கம் தாங்க வேறு எதுவும் கிடையாது. இரட்டையில் பக்கத்து டயர் சில நொடி தாங்கும், ஓரம் கட்ட அந்த நொடிகள் போதும். ஸ்பிரிங்கில் லீஃப் ஸ்பிரிங் (அடுக்கடுக்கான எஃகுப் பட்டை), ரப்பர் டார்ஷன் (உள்ளே இருக்கும் ரப்பர் பாரத்தைத் தாங்குவது) என்று இரண்டு வகை. டார்ஷன் மென்மையாகப் போகும், தளமும் தாழ்வாக இருக்கும், ஆனால் இரட்டை ஆக்சிலில் அவை எடையைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்ளாது, டிரெய்லர் மூக்கைத் தூக்கிக்கொண்டோ தாழ்த்திக்கொண்டோ போனால் ஒரு ஆக்சில் மட்டும் பாரம் சுமக்கும். லீஃப் ஸ்பிரிங்கில் நடுவில் உள்ள ஆடும் இணைப்பு எடையைப் பங்கிடும், உடைந்தால் எந்தப் பட்டறையிலும் மாற்றலாம். நான் லீஃப் ஸ்பிரிங் கட்சி. எதுவானாலும் டிரெய்லர் மட்டமாக நிற்கும் உயரத்துக்கு ஹிட்சை அமைக்கவேண்டும்.

பழைய கார் என்றால் தரையோடு தாழ்ந்ததாக இருக்கலாம், அப்போது ஏற்றும் கோணம்தான் தலைவலி. தளம் 60 சென்டிமீட்டர் உயரம், கார் ஏறும் சாய்வுப் பலகையான ரேம்ப் 1.5 மீட்டர் என்றால் சாய்வு 23, 24 டிகிரி, முன் பம்பரின் கீழ்ப்பகுதி உரசாமல் ஏறாது. அதே உயரத்துக்கு ரேம்ப் 2.4 மீட்டர் என்றால் 14 டிகிரி சொச்சம். தளமே சாயும் டிரெய்லரில் 5 மீட்டர் முழுக்கச் சரிவாகிவிடுவதால் சுமார் 7 டிகிரிதான், தாழ்ந்த காருக்கு இதைவிடச் சுகம் கிடையாது, ஆனால் எடை கூடும். நடுவழியாக, தளத்தின் பின்பகுதி மட்டும் கீழே வளைந்திருக்கும் வகை இருக்கிறது, பெரும்பாலான கார்களுக்கு நீளமான ரேம்போடு அதுவே போதும். முன்பக்கம் தப்பித்தாலும், ரேம்ப் முடிந்து தளம் தொடங்கும் முனையில் காரின் நடு வயிறு தட்டும், நீளமான காரில் இதை யாரும் யோசிப்பதில்லை. வாங்குவதற்கு முன் உங்கள் காரையே கொண்டுபோய் ஏற்றிப் பாருங்கள், விற்பவர் மறுத்தால் வேறு இடம் பாருங்கள்.

ஏற்றிவிட்டீர்கள், இறங்குவது எப்படி? மட்கார்டுகளுக்கு நடுவே உள்ள அகலம் பொதுவாக 210 சென்டிமீட்டர், அதற்குள் கார் நிற்கும், கதவைத் திறந்தால் மட்கார்டில் இடிக்கும். ஜன்னல் வழியாக வெளியே வந்தவர்கள் நிறையப் பேர். ஓட்டுநர் பக்க மட்கார்டைக் கழற்றி வைக்கும் வசதி இருந்தால் அதற்குக் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் தகும். சக்கரங்களுக்கு மேலேயே தளம் போட்ட வகையில் இந்தப் பிரச்சினை இல்லை, ஆனால் கார் உயரே போய்விடும், ஈர்ப்பு மையமும் கூடவே போகும், ரேம்ப் கோணமும் கெட்டுவிடும். எனக்கு அது பிடிக்காது.

கார் ஓடாத நிலையிலும் ஏற்றவேண்டியிருக்கும் என்றால் கம்பியைச் சுருட்டிக் காரை இழுக்கும் வின்ச் மாட்டுங்கள். சக்கரம் உருளும் நிலையில் 14 டிகிரி சரிவில் உங்கள் காரை இழுக்க எடையில் கால் பங்குக்குச் சற்று மேல் விசை போதும், 450 கிலோ என்று வையுங்கள். பிரேக் பிடித்துக்கொண்டு சக்கரம் உருளாவிட்டால் அது இரண்டு மூன்று மடங்காகும், ஆகவே காரின் எடைக்குச் சமமான திறன் உள்ள வின்ச் எடுத்தால் நிம்மதி. இழுக்கும்போது கம்பியின் நேர்கோட்டில் யாரும் நிற்கக்கூடாது.

டாலி ஏன் வேண்டாம் என்றேன் என்றால், உங்கள் பழைய கார் பெரும்பாலும் பின்சக்கரத்தால் ஓடுவது. முன்சக்கரத்தைத் தூக்கிவிட்டுப் பின்சக்கரம் ரோட்டில் உருண்டால் கியர்பாக்ஸின் வெளிப்பக்கத் தண்டும் சுற்றும், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் ஆயில் பம்பை ஓட்டுவது எஞ்சின், அது நின்றிருப்பதால் ஆயில் போகாமல் உள்ளே காய்ந்து தேயும். ஒவ்வொரு தடவையும் கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றி மாட்டவேண்டும், மாதம் ஒரு தடவை அதைச் செய்ய உங்களுக்குப் பொறுமை இருக்காது. நான்கு சக்கரமும் இழுக்கும் கார்களுக்கும் பின்சக்கரத்தால் ஓடும் மின்சாரக் கார்களுக்கும் டாலி கூடவே கூடாது, மின்சாரக் காரில் அந்தச் சக்கரம் சுற்றினால் மோட்டாரும் சுற்றி மின்சாரம் உண்டாக்கும், அதை எதிர்பார்த்து அது வடிவமைக்கப்படவில்லை. டாலியோடு ரிவர்ஸும் எடுக்க முடியாது, இரண்டு மூட்டு இருப்பதால் உடனே மடங்கிவிடும். முன்சக்கர இழுவையுள்ள சின்ன காரை எப்போதாவது ஒரு தடவை கொண்டுபோக மட்டும் அது சரி.

கட்டுவதற்கு நான்கு ராட்செட் பட்டைகள் (கைப்பிடியை ஆட்டி இறுக்குபவை), இரண்டு முன்னோக்கியும் இரண்டு பின்னோக்கியும் இழுக்கும்படி. இரண்டு அங்குலப் பட்டையில் அறுபடும் வலு 4,536 கிலோ என்றும் வேலைச் சுமை 1,512 கிலோ என்றும் இரண்டு எண் இருக்கும், இரண்டாவது எண்தான் நமக்கு. சாதாரண ஸ்பிரிங் உள்ள காரைச் சேசிஸில் இறுக்கிக் கட்டினால், குழியில் கார் அமுங்கும்போது பட்டை தளரும், எழும்போது சுண்டி இழுக்கும். டயர் மேலேயே போட்டு இறுக்கும் பட்டையில் அந்தத் தொல்லை இல்லை, உடல் தன் ஸ்பிரிங்கில் ஆடும், சக்கரம் மட்டும் தளத்தோடு ஒட்டியிருக்கும். பம்பர், ஸ்டீயரிங் கம்பி, பிரேக் குழாய் பக்கத்தில் எந்தக் கொக்கியும் போகக்கூடாது. 15, 20 கிலோமீட்டர் போனதும் நிறுத்தி இன்னொரு தடவை இறுக்குங்கள், கட்டாயம் கொஞ்சம் தளர்ந்திருக்கும். திறந்த டிரெய்லரில் காருக்குத் துணி உறை போடாதீர்கள், காற்றில் படபடத்து நீங்கள் பார்த்துப் பார்த்து அடித்த பெயின்டை உப்புத்தாள் மாதிரி தேய்த்துவிடும். கல் தெறிப்பதற்கு டிரெய்லரின் முன்னால் ஒரு தடுப்பு மாட்டினால் போதும்.

பழைய டிரெய்லர் பார்ப்பீர்கள் என்றால் டயரில் பள்ளம் ஆழமாக இருக்கிறதே என்று ஏமாறவேண்டாம். டிரெய்லர் டயர் தேய்ந்து சாவதில்லை, நின்று நின்றே வயதாகிச் சாகிறது. பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், 3522 என்றால் 2022ஆம் ஆண்டின் 35ஆவது வாரம். ஐந்தாறு வருடம் தாண்டியிருந்தால் மாற்றும் செலவை விலையில் கழித்துக்கொள்ளுங்கள். டிரெய்லருக்கென்று செய்த டயரில் பக்கவாட்டில் எழுதியிருக்கும் அதிகபட்சக் காற்றை, டயர் குளிர்ந்திருக்கும்போது நிரப்பவேண்டும், காற்று குறைந்த டயர்தான் சூடாகி வெடிக்கும். அதில் பலவற்றுக்கு மணிக்கு 105 கிலோமீட்டர்தான் உச்ச வேகம். அப்புறம் கீழே படுத்துப் பாருங்கள்: மூக்குச் சட்டம் உடலோடு சேரும் வெல்டிங்கிலும் ஸ்பிரிங் தொங்கும் இடங்களிலும் விரிசல் இருக்கிறதா, அதன் மேல் மட்டும் புதுப் பெயின்ட் அடித்திருக்கிறதா, டயர் ஒரு ஓரமாகவே தேய்ந்திருக்கிறதா (ஆக்சில் வளைந்திருக்கும்), சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினால் பேரிங் கரகர என்கிறதா. பேரிங்குக்கு வருடம் ஒரு தடவை கிரீஸ் போட்டாரா என்று கேளுங்கள். தகடு இல்லாத டிரெய்லரை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள், அது எவ்வளவு தாங்கும் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. உங்கள் ஓட்டுநர் உரிமம் இந்த எடையை இழுக்க அனுமதிக்கிறதா என்றும் இப்போதே பார்த்துவிடுங்கள், பல நாடுகளில் சாதாரண கார் உரிமத்துக்கு இதில் ஒரு வரம்பு உண்டு.

வாங்கிய அன்றே செய்யவேண்டிய ஒரு வேலை இருக்கிறது. காரை ஏற்றி, மூக்கு எடை 250க்குப் பக்கத்தில் வரும்வரை முன்னே பின்னே நகர்த்தி, அந்த இடத்தில் முன் டயர் நிற்கும் கோட்டைத் தளத்தில் பெயின்டால் குறித்துவிடுங்கள், முடிந்தால் அங்கே ஒரு இரும்புத் தடையை போல்ட் போட்டு இறுக்கிவிடுங்கள். அப்புறம் இருட்டில், மழையில், அவசரத்தில் ஏற்றினாலும் கார் அங்கேதான் போய் நிற்கும். அப்படியே எடைமேடைக்கு ஓட்டிப்போய் எஸ்யூவியின் முன் ஆக்சில், பின் ஆக்சில், டிரெய்லர் ஆக்சில் மூன்றையும் தனித்தனியாக எடை போடுங்கள். திரும்பி வந்ததும் சக்கரத்தின் நடுவில் உள்ள ஒவ்வொரு ஹப்பையும் கையால் தொட்டுப் பாருங்கள், ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சூடாக இருந்தால் பேரிங்கோ ஒட்டிக்கொண்ட பிரேக்கோதான் காரணம். சக்கர நட்டுகளை, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனரால் இன்னொரு தடவை இறுக்குங்கள், 80 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடியும். எடைமேடைச் சீட்டில் வந்த மூன்று எண்களை எழுதுங்கள், ஹிட்ச் சரியான உயரத்தில் இருக்கிறதா, எடை பங்கிடும் ஹிட்ச் உங்களுக்குத் தேவையா என்பதை அதை வைத்துச் சொல்கிறேன்.